பிரிக்கப்படாத கடிதங்கள்

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைச் செய்து பார் என்பது நம் முன்னோர் வாக்கு. இவ்விரண்டையும் செய்து முடித்தவனே உலகம் அறிந்தவன் என்பது அதன் கருத்து. கட்டிய வீட்டைக் காத்துப் பார் என்று மூன்றாவதாக ஒன்றை அவர்கள் சொல்லி வைக்கவில்லை. மண்ணைக் குழைத்துச் சுவரெழுப்பி ஓலை வேய்ந்து குடியேறிய ஒருவனை முத்திரையிட்ட தாள் ஒன்று வெளியேற்றும் என்று அவர்கள் எங்ஙனம் எண்ணியிருக்கக் கூடும்?

மலேசியத் தமிழரின் நிலை வேறு. நம்மில் பலருடைய பாட்டனாரும் தந்தையாரும் தோட்டத்து லயங்களில் வாழ்ந்தவர்கள். லயத்து வீடு தோட்ட நிருவாகத்தின் உடைமை. பால்மரம் வெட்டிய கை ஓய்ந்தால் வீட்டையும் ஒப்படைத்துவிட வேண்டும். மூன்று தலைமுறையாக விளக்கேற்றிய வீடாயினும் அதன் ஒரு பலகைமீதும் உரிமை கொண்டாட இயலாது. தோட்டங்கள் பல வீடமைப்புத் திட்டங்களாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறிய காலத்தில் பட்டணத்தின் விளிம்புக்கு வந்து சேர்ந்தவர்களுள் பலர், தம் குடும்ப வரலாற்றிலேயே முதன்முறையாகச் சொந்த வீடு வாங்கினார்கள். ஒரு மாடி வரிசை வீடோ, அடுக்கு மாடியில் மூன்று அறைகளோ, எதுவாயினும் அது வங்கிக் கடனில் வாங்கியது. இருபத்தைந்து, முப்பது ஆண்டுகள் மாதந்தோறும் தவணை கட்டினால்தான் அது முழுமையாக நம் கைக்கு வரும். அதனால் நம்மவருக்கு வீடு இழப்பு என்பது பண இழப்போடு நின்றுவிடுவதில்லை. பாட்டனாரின் லயத்து வாழ்வுக்கே மீண்டும் தள்ளப்பட்டோம் என்னும் துயரமும் அதனோடு சேர்ந்து வருகிறது.

தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளி ஆசிரியருக்குக் கற்பித்தல் மட்டுமே வேலையாக ஒருகாலத்திலும் இருந்ததில்லை. தாயகத்திலிருந்து வந்த கடிதத்தைப் படித்துச் சொல்வதும், அதற்கு மறுமொழி எழுதித் தருவதும், பிறப்புப் பத்திரத்துக்கு மனு வரைவதும் அவர் கடமைகளாகவே கருதப்பட்டன. நான் பணியோய்வு பெற்றுப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. எனினும் எங்கள் தாமானில் அந்தப் பழைய வழக்கம் மறையவில்லை. முன்வாயிலில் காலணி கழற்றும் ஓசை கேட்டால், வந்தவர் கையில் ஏதோ ஒரு தாள் இருக்கும் என்று என் மனைவி தேநீருக்குத் தண்ணீர் வைத்துவிடுவாள். முன்பு வந்தவை உறவினர் கடிதங்கள். இப்போது வருபவை வங்கிக் கடிதங்களும் வழக்கறிஞர் அறிவிப்புகளும்.

2023ஆம் ஆண்டில் ஒரு மாலை, மூன்றாம் வரிசையில் குடியிருக்கும் லாரி ஓட்டுநரின் மனைவி வந்தார். அவருடைய மூத்த மகள் என் மாணவி. ஒரு பழைய பிஸ்கட் டின்னை என் முன் வைத்தார். அதற்குள் பதினான்கு உறைகள் இருந்தன. ஒன்றுகூடப் பிரிக்கப்படவில்லை.

"வாத்தியாரையா, இதுல எது முக்கியம்னு பார்த்துச் சொல்லுங்க" என்றார்.

கணவருக்கு விபத்தில் கால் முறிந்து வேலை நின்று போயிருந்தது. ஒன்பது மாதத் தவணை பாக்கி. நான் உறைகளை நாள் வரிசையில் அடுக்கிப் பிரித்தேன். முதல் நான்கும் வங்கியின் நினைவூட்டல்கள். ஐந்தாவது, வங்கியின் வழக்கறிஞர் அனுப்பிய கோரிக்கைக் கடிதம். அதன்பின் 16டி படிவம். அதன்பின் நீதிமன்றச் சம்மனும் உறுதிமொழிப் பத்திரமும். இறுதி உறையில் விற்பனைப் பிரகடனம் இருந்தது. ஏல நாளுக்கு இருபத்து மூன்று நாள்களே எஞ்சியிருந்தன.

அந்த அம்மையார் கல்வியறிவு இல்லாதவரல்லர். தேசிய மொழியில் நன்றாகவே பேசுவார், படிப்பார். அடகுக் கடையில் அவர் வைத்த வளையல்களின் சீட்டு எந்த நாளில் முதிர்கிறது, எத்தனை வெள்ளி வட்டி என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். ஒருமுறையும் அவர் நகை மூழ்கியதில்லை. அத்தகையவர் வீட்டைப் பற்றிய கடிதத்தை ஏன் பிரிக்கவில்லை? நான் கேட்கவில்லை, அவரே சொன்னார். "பிரிச்சா உண்மையாயிடும்னு பயம் ஐயா. பிள்ளைங்க பார்த்துட்டா மானம் போயிடும்."

இங்கே தமிழாசிரியர்கள் சற்று நின்று எண்ணிப் பார்க்க வேண்டிய சொல் ஒன்று உண்டு. கடனுக்கு ஈடாக வீட்டை வைப்பதை நாம் அடைமானம் என்கிறோம். வருமானம், பெறுமானம் என்பவற்றிற் போலவே இச்சொல்லிலும் மானம் என்பது விகுதி. தன்மானத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. ஆயினும் நம் மக்களின் செவியில் அது தன்மானமாகவே ஒலிக்கிறது. தவணை தவறியதைக் குடும்பத்தின் மானக்கேடு என்று கருதி மறைக்கிறார்கள். சட்டமோ நாள்களைக் கணக்கிடுகிறது. மறைக்கும் ஒவ்வொரு வாரமும் காக்கும் வழிகளுள் ஒன்றை அடைத்துவிட்டுப் போகிறது.

அந்த நாள்களின் கணக்கை ஓரளவு விளக்கமாகவே சொல்ல விரும்புகிறேன். தீபகற்ப மலேசியாவில் நிலமும் வீடும் 1965ஆம் ஆண்டின் தேசிய நிலச் சட்டத் தொகுப்புக்கு உட்பட்டவை. அச்சட்டத்தின்படி, பட்டாவுள்ள வீட்டை வங்கியிடம் ஈடு வைத்தவர் தொடர்ந்து அவ்வீட்டின் உரிமையாளராகவே இருக்கிறார். வங்கிக்கு இருப்பது பட்டாவில் பதியப்பட்ட ஈட்டுரிமை மட்டுமே. ஆகவே தவணை தவறியது என்பதற்காக வங்கி தானாக வந்து வீட்டைப் பூட்டவோ, தான் விரும்பியவருக்கு விற்கவோ முடியாது. நீதிமன்றத்தின் அல்லது நில அலுவலகத்தின் ஆணை வேண்டும். நம்மவருள் பலர் இதனை அறியாமல், முதற்கடிதம் வந்தவுடனேயே வீடு போய்விட்டது என்று மனமொடிந்து விடுகிறார்கள்.

முதற்படி 16டி படிவம். தவறிய கடப்பாடு இன்னது என்று சுட்டி, அதனைச் சீர்செய்யப் பொதுவாக ஒரு மாத அவகாசம் தரும் அறிவிப்பு அது. கடன் ஒப்பந்தத்தில் வேறு கால அளவு குறித்திருந்தால் அதுவே பொருந்தும். கேட்டவுடன் முழுத்தொகையும் செலுத்த வேண்டும் என்னும் வகைக் கடனுக்கு 16இ படிவம். அந்த அவகாசத்துக்குள் சீர்செய்யாவிட்டால், நிலப் பதிவகத்துப் பட்டாவாயின் வங்கி உயர்நீதிமன்றத்தை நாடும்; நில அலுவலகத்துப் பட்டாவாயின் மாவட்ட நில நிருவாகியிடம் விண்ணப்பிக்கும். நில நிருவாகி விசாரணைக்கு நாள் குறித்து வீட்டுக்காரருக்கு அழைப்பு அனுப்புவார். அந்நாளில் நேரில் செல்வது மிக மிக இன்றியமையாதது. செல்லாதவரின் நாற்காலி வெறுமையாக இருக்க, ஆணை பிறந்துவிடும்.

உயர்நீதிமன்றத்தில் வங்கியின் விண்ணப்பத்துக்கு எதிராக என்ன சொல்லலாம்? சட்டத் தொகுப்பின் 256ஆம் பிரிவு, மாறான காரணம் உண்டு என்று மனநிறைவு கொண்டாலன்றி நீதிமன்றம் விற்பனைக்கு ஆணையிட வேண்டும் என்கிறது. அந்த மாறான காரணம் யாது என்பதை, 1997ஆம் ஆண்டின் சட்ட அறிக்கைகளில் வெளியான கூட்டரசு நீதிமன்றத் தீர்ப்பொன்று மூன்று வகையாக வரையறுத்தது. ஈட்டுரிமைப் பதிவே மோசடி, பொய்க் கையொப்பம் போன்றவற்றால் பழுதுபட்டிருத்தல் முதல் வகை. அறிவிப்பு முறைப்படி சார்வு செய்யப்படாமை போன்று, வங்கி நிறைவேற்ற வேண்டிய முன்நிபந்தனைகள் நிறைவேறாமை இரண்டாவது. விற்பனை ஆணை சட்ட விதிக்கோ நியாய நெறிக்கோ முரணாக அமைதல் மூன்றாவது. தொகையில் கருத்து வேறுபாடு மட்டும் இருந்தால் அது போதாது. நோய், வேலையிழப்பு, பிள்ளைகளின் படிப்பு என்று நாம் கண்ணீரோடு எடுத்துரைப்பவை இம்மூன்றனுள் அடங்குவது அரிது.

நான் அந்த அம்மையாரையும், ஊன்றுகோலோடு நடந்த அவர் கணவரையும் அழைத்துக்கொண்டு வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையம் ஒன்றுக்குச் சென்றேன். நாட்டின் பல நகரங்களில் இத்தகைய மையங்கள் இயங்குகின்றன. வழக்கறிஞர்கள் ஆண்டுதோறும் செலுத்தும் பங்களிப்பே அவற்றுக்கு அடிப்படை. வருமானம் குறைந்தோர்க்கு அங்கே ஆலோசனை கிடைக்கும். எங்களுக்கு வாய்த்தவர் இளம்பெண், நம்மினத்தவர். பதினான்கு தாள்களையும் பொறுமையாகப் படித்தார். 16டி படிவம் எந்த முகவரிக்கு வந்தது, யார் பெற்றுக் கையெழுத்திட்டார், கணக்கில் காட்டிய வட்டி ஒப்பந்தத்திலுள்ள வட்டிதானா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். அரை மணி நேரத்துக்குப் பின் நிமிர்ந்து, "அண்ணே, நான் பொய் நம்பிக்கை தர மாட்டேன். அறிவிப்பில் குறையில்லை. ஆணையை எதிர்த்துப் போராட இதில் ஒன்றும் இல்லை" என்றார்.

கணவரின் முகம் இருண்டது. அவ்வழக்கறிஞர் மேலும் சொன்னார்: "ஆனால் சுத்தியல் விழும் வரைக்கும் வீடு உங்களுடையதுதான்."

அவர் எடுத்துக் காட்டியது 266ஆம் பிரிவு. விற்பனை முடிவடைவதற்கு முன் எந்நேரமும், செலுத்த வேண்டிய தொகையை உரியவரிடம் செலுத்தினால் விற்பனை ஆணை செயலற்றுப் போகும். ஆயின் அத்தொகை பெரும்பாலும் முழுக்கடனுமாக இருக்கும். இவர்களுக்கோ முழுக்கடன் 96,000 வெள்ளி. அதனை இருபத்து மூன்று நாளில் திரட்டுவது கனவு. ஆகவே வழக்கறிஞர் வேறு வழியை நாடினார். பாக்கித் தவணையும் செலவுத் தொகையுமாக 11,400 வெள்ளியைக் கட்டினால் ஏலத்தை ஒத்திவைக்க வங்கி இசையுமா என்று எழுதிக் கேட்டார். இசைய வேண்டும் என்னும் கட்டாயம் வங்கிக்கு இல்லை. எனினும் வீட்டை விற்பதைக் காட்டிலும் தவணை தொடர்ந்து வருவதையே வங்கிகள் பெரும்பாலும் விரும்பும் என்பது அவர் அனுபவம்.

இசைவுக் கடிதம் வர ஒன்பது நாள் ஆயிற்று. மனைவியின் ஊழியர் சேமநிதியில் இரண்டாம் கணக்கிலிருந்து வீட்டுக் கடனைக் குறைப்பதற்கென எடுக்க முடிந்தது 6,000 வெள்ளி. (அக்கணக்கு 2024ஆம் ஆண்டு முதல் வேறு பெயரில் வழங்குகிறது, வீட்டுக் கடனுக்காக எடுக்கும் வழி இன்றும் உண்டு.) எஞ்சியதற்கு நகைகள் அடகுக் கடைக்குச் சென்றன. தாலிக்கொடியை மட்டும் கணவர் தடுத்துவிட்டார். ஏலத்துக்கு நான்கு நாள் முன்னதாக ஒத்திவைப்பு உறுதியாயிற்று. ஆறு மாதம் தவறாமல் கட்டிய பின்னரே வங்கி நடவடிக்கையை மீட்டுக்கொண்டது. அவ்வாறு மாதமும் அக்குடும்பம் சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள என்ன வைத்திருந்தது என்பதை அண்டை வீட்டார் அறிவர்.

எல்லாக் கதையும் இவ்வாறு முடிவதில்லை. அதற்கு முந்திய ஆண்டில், பக்கத்துத் தாமானைச் சேர்ந்த கைம்பெண் ஒருவர் என்னிடம் வந்தார். கொரோனா பரவிய 2020ஆம் ஆண்டில் ஏப்ரல் முதல் ஆறு மாதத்துக்குத் தனிநபர் கடன் தவணைகள் தாமாகவே ஒத்திவைக்கப்பட்டன அல்லவா? அந்தச் சலுகை முடிந்தபின் அவரால் தொடர்ந்து கட்ட இயலவில்லை. வந்த கடிதங்களைச் சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருந்தார். ஏலத்தை நிறுத்தித் தருவதாகச் சொன்ன தரகர் ஒருவரிடம் 3,000 வெள்ளியும் கொடுத்திருந்தார். அத்தரகர் வழக்கறிஞருமல்லர், வங்கி அலுவலருமல்லர். அவர் செய்ததெல்லாம் தொலைபேசியை எடுக்காமல் இருந்ததுதான். அவ்வம்மையார் என்னைத் தேடி வந்தபோது ஏலம் முடிந்து இரண்டு வாரம் ஆகியிருந்தது.

முதல் ஏலத்தில் கேட்பாரில்லை. கேட்பாரில்லாவிடில் அடுத்த ஏலத்துக்குக் குறைந்தபட்ச விலை இறக்கப்படுவது வழக்கம். மூன்றாம் முறையில் 121,000 வெள்ளிக்கு வீடு போயிற்று. கடனோ 148,000. விற்ற பணத்தில் கடன்போக மீதி இருந்தால் அது வீட்டுக்காரரைச் சேரும். குறைந்தால் குறைந்த தொகை அவர் தலையிலேயே நிற்கும். வீடும் போய், கடனும் நிற்கும் நிலை. மகன் பிணைக் கையெழுத்துப் போட்டிருந்தான். அவனையும் திவாலாக்கி விடுவார்களோ என்பதே அத்தாயின் பெருங்கலக்கம்.

இவரையும் சட்ட உதவி மையத்துக்கே அழைத்துச் சென்றேன். வீட்டை மீட்க வழியில்லை. ஆயினும் அங்கிருந்த மூத்த வழக்கறிஞர் சொன்ன இரண்டு செய்திகள் அத்தாய்க்கு உறக்கத்தைத் திருப்பித் தந்தன. திவால் நடவடிக்கைக்குரிய குறைந்தபட்சக் கடன் 30,000 வெள்ளியாக இருந்து, 2017ஆம் ஆண்டில் 50,000 ஆகவும் 2020ஆம் ஆண்டில் 100,000 ஆகவும் உயர்த்தப்பட்டது. இவர் பாக்கி அதனினும் மிகக் குறைவு. அடுத்து, குடியிருக்கும் வீட்டுக்கான கடனுக்கு ஆதாயம் கருதாமல் பிணை நின்றவரைச் சமூகப் பிணையாளர் என்று சட்டம் வகுத்துள்ளது. 2017ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் அவரைத் திவாலாக்கும் நடவடிக்கை எடுக்க இயலாது. பாக்கியைத் தவணை முறையில் கட்ட ஏற்பாடாயிற்று. வாடகை வீட்டில் வாழ்ந்தாலும் அம்மகன் இன்று தலைநிமிர்ந்து வேலைக்குச் செல்கிறான்.

இவ்விரு குடும்பங்களையும் எண்ணும்போது வங்கியைக் கொடியவனாகச் சித்திரிக்க எனக்கு மனம் வரவில்லை. வங்கியிலிருப்பது மற்றவர் சேமித்த பணம். கடனைத் திருப்பித் தருவது அறம். 1998ஆம் ஆண்டு நிதி நெருக்கடியில் அடிப்படைக் கடன் வட்டி 12 விழுக்காட்டைத் தாண்டியபோது, ஒரு வேளை உணவைக் குறைத்துத் தவணை கட்டிய குடும்பங்களை நான் கண்டிருக்கிறேன். ஏய்க்க நினைப்பவர்கள் மிகச் சிலரே. எனினும் இருதரப்பும் சமநிலையில் நிற்கவில்லை என்பதை மறுக்க முடியாது. ஒரு தரப்பில் சட்டம் பயின்றவர்கள் நாள் தவறாமல் கடிதம் எழுதுகிறார்கள். மறுதரப்பில் அக்கடிதம் பிஸ்கட் டின்னுக்குள் கிடக்கிறது. சட்ட உதவி என்பது இந்த இடைவெளியில் நிற்கும் ஒரு மனிதர். ஆணையை அவர் எப்போதும் தடுத்துவிட முடியாது. ஆனால் எந்த வாயில் திறந்திருக்கிறது, எது மூடிவிட்டது என்பதை உண்மையாகச் சொல்வார். அச்சத்தில் இருப்பவருக்கு அதுவே பெரும் உதவி.

திறந்திருக்கும் வாயில்களைத் தொகுத்துச் சொல்வதாயின், ஒரு தவணை தவறியவுடனேயே வங்கிக்குச் சென்று தவணையை மாற்றியமைக்கக் கேட்கலாம். பேங்க் நெகாரா 2006ஆம் ஆண்டில் நிறுவிய ஏ.கே.பி.கே. என்னும் கடன் ஆலோசனை முகவை கட்டணமின்றி வழிகாட்டுகிறது. வங்கிகளோடு பேசித் தாங்கக் கூடிய தவணைத் திட்டமும் வகுத்துத் தருகிறது. வழக்கு முற்றுமுன் அங்குச் செல்வோர்க்கே பயன் மிகுதி. 1971ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி இயங்கும் அரசாங்கச் சட்ட உதவித் துறையும் உண்டு. அது எவ்வகை வழக்குகளை ஏற்கலாம் என்பதற்கு வரம்பு இருப்பதால் முதலில் கேட்டறிதல் நன்று. அடுக்கு மாடி வீடுகளில் வாழ்வோர் ஒன்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். தனிப் பட்டா இன்னும் வெளிவராத வீடுகளுக்கு வங்கி, உரிமை மாற்று ஒப்பந்தத்தின் அடிப்படையிலேயே கடன் தருகிறது. அவற்றை நீதிமன்ற ஆணையின்றியே ஏலத்துக்கு விட வங்கிக்கு வழியுண்டு. ஆகவே அவர்கள் மேலும் விரைந்து செயற்பட வேண்டும். ஏலத்தை நிறுத்துவேன் என்று முன்பணம் கேட்டு வருபவரிடம், தாங்கள் வழக்கறிஞரா என்று முதலில் கேட்பது எல்லார்க்கும் பொருந்தும் அறிவுரை.

தமிழாசிரியர்களிடம் எனக்கொரு வேண்டுகோள் உண்டு. மாணவர்களுக்கு அலுவல் கடிதம் எழுதக் கற்பிக்கிறோம். அலுவல் கடிதம் படிக்கவும் கற்பிப்போமாக. ஒரு முன்னறிவிப்பைக் கையில் கொடுத்து, இதனை அனுப்பியவர் யார், என்ன கேட்கிறார், எந்த நாளுக்குள் கேட்கிறார், மறுமொழி எவ்வாறு எழுதுவது என்னும் நான்கு வினாக்களுக்குத் தமிழில் விடை எழுதச் சொல்லலாம். ஈட்டுரிமை, முன்னறிவிப்பு, உறுதிமொழிப் பத்திரம், ஒத்திவைப்பு முதலிய சொற்கள் தமிழில் இருக்கின்றன. அவை அகராதியில் மட்டும் உறங்காமல், வீட்டில் தாயும் மகளும் பேசும் பேச்சில் புழங்கினால், தேசிய மொழியில் வரும் படிவமும் அச்சந்தராது.

எங்கள் ஊர்த் தமிழ்ப்பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கம் சென்ற ஆண்டு இதற்கென ஒரு மாலைப்பொழுதை ஒதுக்கியது. அந்த இளம் வழக்கறிஞரையே அழைத்திருந்தோம். நாற்பது பேர் வருவர் என்று எண்ணி நாற்காலி போட்டோம். அதற்கும் மேற்பட்டோர் வந்து பின்புறம் நின்றார்கள். பேச்சு முடிந்ததும் ஒருவரும் கேள்வி கேட்கவில்லை. கூட்டம் கலைந்த பிறகு, ஒருவர்பின் ஒருவராகப் பலர் கைப்பையிலிருந்தும் சட்டைப் பையிலிருந்தும் உறைகளை எடுத்துக்கொண்டு அவர் மேசையருகே வந்தார்கள். சில உறைகள் பிரிக்கப்படாமலே இருந்தன. அவர் ஒவ்வொன்றையும் உரியவரிடமே திருப்பிக் கொடுத்து, "நீங்களே பிரியுங்கள், நான் பக்கத்தில் இருக்கிறேன்" என்றார். இரவு பத்து மணிக்குப் பள்ளிக் காவலாளி வந்து விளக்கை அணைக்கலாமா என்று கேட்டபோதும் வரிசையில் ஏழு பேர் இருந்தார்கள்.